தென்னந்தோப்புக்கு ஸ்லாஷர் ஏற்றதா?

தென்னந்தோப்பில் களையை என்ன செய்வது என்று கேட்டால், பெரும்பாலான ஊர்களில் கிடைக்கும் பதில் ‘ஒரு ஓட்டு ஓட்டிவிடு’ என்பதுதான். மழைக்குப் பின் புல் முழங்கால் உயரம் வந்ததும் வாடகை டிராக்டர் வரும். ஒன்பது கலப்பையோ ரோட்டவேட்டரோ உள்ளே இறங்கும். மாலைக்குள் தரை வெளுத்துத் தெரியும். சில வாரங்களில் கோரை முன்பைவிட அடர்த்தியாக முளைத்து நிற்கும், டிராக்டருக்கு மறுபடி சொல்லி அனுப்புவோம். இந்தச் சுற்றுக்கு மாற்றாக இப்போது முன்வைக்கப்படுவது, டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும் சுழல்கத்திப் புல்வெட்டி. சந்தையில் அதன் பெயர் ஸ்லாஷர். மண்ணைக் கிளறாமல், மேலே நிற்பதை மட்டும் வெட்டி அங்கேயே பரப்பிவிட்டுப் போகும்.

இதை எடைபோட நான்கு கேள்விகள் வேண்டும். மண்ணுக்கு இது என்ன செய்கிறது? சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறதா? இதன் பராமரிப்பு ஒரு சாதாரண விவசாயியின் கைக்குள் அடங்குமா? ஓட்டுபவருக்கும் அருகில் இருப்பவருக்கும் இது எவ்வளவு ஆபத்தானது? முதல் மூன்றில் தேறி நான்காவதில் தோற்கும் கருவியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிறந்த இடமும் வந்த இடமும்

எஞ்சினின் சுழற்சியைப் பின்பக்கத் தண்டு வழியாக வெளியே எடுக்கும் பி.டி.ஓ. ஏற்பாட்டை 1918இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் டிராக்டரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருவியைத் தூக்கி இறக்கும் மூன்று புள்ளி இணைப்பு, ஹாரி ஃபெர்குசனின் நீண்ட உழைப்பில் உருவாகி, 1939இல் வந்த ஃபோர்டு டிராக்டர் வழியாகப் பரவியது. இவ்விரண்டின் தோள்மேல் எழுந்ததுதான் ஸ்லாஷர். 1951இல் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் தொடங்கிய ‘புஷ் ஹாக்’ நிறுவனம் இதை அங்கே மிகப் பரவலாக்கியது.

அந்தப் பிறப்பிடத்தை மறக்கக் கூடாது. பரந்த மேய்ச்சல் நிலம், புதர் மண்டிய வேலியோரம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓட்டுநர் ஒருவர் மட்டும் என்ற சூழலை மனத்தில் வைத்து வடிவமைத்த கருவி இது. நம் தோப்பில் மட்டை பொறுக்கும் பெண்கள் இருப்பார்கள். காய் போடுபவர் இருப்பார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நடுவழியாக நடப்பார்கள். ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடும். இந்த வேறுபாடு கருவியின் மதிப்பையே மாற்றக்கூடியது.

அமைப்பு எளியது. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழல்கிறது. கியர் பெட்டி அதைச் செங்குத்தாகத் திருப்பி, ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கிக் கீழே அனுப்புகிறது. அங்கே ஒரு தட்டில் எதிரெதிராக இரண்டு கனமான கத்திகள். அவை தட்டோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. தடித்த போல்ட்டில் கதவுக் கீல்போல ஆடும். சுழலும் வேகத்தில் வெளிப்பக்கம் நீட்டி நிற்கும், கல்லிலோ கட்டையிலோ மோதினால் பின்னால் மடங்கிக்கொள்ளும். அடியை வாங்கிக்கொண்டு கியர் பெட்டியைக் காப்பாற்றும் இந்தக் கீல்தான் கருவியின் ஆகச் சிறந்த யோசனை.

மண்ணின் தரப்பு

ஸ்லாஷரை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது, ரோட்டவேட்டர் தென்னையின் வேரை அறுத்து மரத்தைக் கெடுக்கிறது என்பது. இது மிகை. ரோட்டவேட்டர் 10 முதல் 15 செ.மீ. ஆழம்தான் போகிறது. நன்கு வளர்ந்த தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்திலிருந்து 2 மீட்டருக்குள், 30 செ.மீ.க்குக் கீழேதான் இருக்கும். நடுவரிசையில் ஓட்டும் ரோட்டவேட்டர் தென்னையைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஊடுபயிராகக் கொக்கோவோ வாழையோ வைத்திருப்பவருக்குத்தான் இந்தக் கவலை நியாயமானது. அவற்றின் உண்ணும் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும்.

உண்மையான குற்றச்சாட்டுகள் வேறு. ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்பச் சுழலும் ரோட்டவேட்டர், மேலே மாவுபோல் பொடித்து, கீழே ஒரு கெட்டிப் படலத்தை உண்டாக்குகிறது. பெருமழை அந்தப் பொடியை அடித்துச் செல்கிறது, அடியில் நீர் இறங்க மறுக்கிறது. வெயிலில் திறந்து கிடக்கும் மண்ணின் மட்கு வேகமாகக் கரைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோரையின் கிழங்கையும் அருகம்புல்லின் கணுவையும் துண்டு துண்டாக நறுக்கித் தோப்பு முழுக்க விதைத்துவிடுகிறது. ஒழிக்க வந்த கருவியே பதியன் போடுகிறது என்றால், அந்தச் செலவுக்கு என்ன பொருள்?

ஸ்லாஷர் இந்த நான்கையும் தவிர்க்கிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்க, வெட்டிய புல் மூடாக்காகிறது. ஆனால் இதற்கும் மறுபக்கம் உண்டு. வெட்டிய புல் சாகவில்லை. அது மறுபடி தழைத்து, நீரையும் தழைச்சத்தையும் தென்னையோடு பங்குபோடும். கிணற்றில் தண்ணீர் வற்றும் சித்திரை, வைகாசியில் உயிருள்ள புல்தரை ஒரு சுமை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை பிறக்கும் சமயத்தில் தாழ வெட்டி மூடாக்காக்கிவிட்டால் இந்தச் சுமை பெருமளவு குறையும். அந்த வெட்டைத் தவறவிட்டவர் கோடையில் ஸ்லாஷரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்கு ஆண்டில் இருமுறை, ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும், இடை உழவைப் பரிந்துரைக்கிறது. களையைக் குறைப்பதோடு வேருக்குக் காற்றோட்டம் கிடைப்பதும் இட்ட உரம் பயன்படுவதும் அதன் நோக்கம். இதை ஸ்லாஷரால் முழுமையாக ஈடுசெய்ய முடியாது. இறுகிக் கிடக்கும் மண்ணைத் திறக்கக் கலப்பை வேண்டும். அந்த இரண்டு உழவுக்கு மேல், தரை வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் ஓட்டும் ஓட்டுகளைத்தான் ஸ்லாஷர் அகற்ற முடியும், அகற்றவும் வேண்டும்.

வெட்டின் தரம்

ஸ்லாஷர் புல்லைச் சீவுவதில்லை, வேகத்தால் அடித்து முறிக்கிறது. ஆகவே வேகம் குறைந்தால் வேலை கெடும். டீசல் மிச்சம் என்று எண்ணி ஓட்டுநர் ஆக்சிலேட்டரைக் குறைக்கிறார். கத்தி மந்தமாகிறது, புல் வெட்டுப்படாமல் சாய்ந்து படுக்கிறது, அதே இடத்தில் இரண்டாம் முறை ஓட்ட வேண்டியதாகிறது. மீட்டரில் 540 என்று குறித்திருக்கும் இடத்தில் எஞ்சின் வேகத்தை நிலையாக வைத்துவிட்டு, புல்லின் அடர்த்திக்கு ஏற்பக் கியரை மட்டும் மாற்றுவதே முறை. மணிக்கு 3 முதல் 6 கி.மீ. போதும்.

உயரத்தில் இன்னொரு தவறு நடக்கிறது. புல்வெளிபோல் ஒட்ட வெட்டச் சொல்லித் தோட்டக்காரர் வற்புறுத்துவார். கத்தி மண்ணில் உரசும், கல்லை எற்றும், முனை ஒரே நாளில் மழுங்கும். 8 முதல் 10 செ.மீ. விட்டு வெட்டினால் கத்தியும் பிழைக்கும், மண்ணும் மூடியிருக்கும். டாப் லிங்க்கைச் சரிசெய்து, முன்விளிம்பு பின்விளிம்பைவிட 2, 3 செ.மீ. தாழ்ந்திருக்குமாறு வைத்தால் புல் ஒரே வெட்டில் வெளியேறும். பின்பக்கம் தாழ்ந்தால் வெட்டியதையே மறுபடி வெட்டி எஞ்சினைத் திணறவைக்கும்.

தோப்பின் கணக்குக்கு இது பொருந்துகிறது. மரத்துக்கு மரம் 7.5 மீட்டர் இடைவெளி. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி. இரு பக்கமும் அதை விட்டால் நடுவில் 3.9 மீட்டர் மிஞ்சும். 1.5 மீட்டர் அகல, அதாவது 5 அடி ஸ்லாஷர் மூன்று ஓட்டில் அதை முடிக்கும். 35 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டர் இதற்குத் தாராளம். வட்டப்பாத்திக்குள் மட்டும் கைவேலை தேவைப்படும்.

தோற்கும் இடங்களும் தெளிவானவை. விரல் பருமன் சீமைக்கருவேலங்கன்றை வெட்டும், மணிக்கட்டுப் பருமனை வெட்டாது. வெட்டினாலும் சாய்ந்த கூர்முனைக் கட்டை தரையில் நின்று அடுத்த ஓட்டில் டயரைக் குத்தும். தென்னை மட்டையின் ஓலையை நொறுக்கும், அடிமட்டையில் தடுமாறும். மட்டையும் பருத்திமாரும் கரும்புச் சோகையுமே முக்கிய வேலை என்றால், கிடைத்தண்டில் பல சுத்தியல் கத்திகள் சுழலும் மல்ச்சரே ஏற்றது. அது பொடிப்பொடியாக்கும், பொருளைத் தொலைவில் எறிவதும் குறைவு. ஆனால் கூடுதல் குதிரைத்திறன் கேட்கும், கத்திகளின் எண்ணிக்கையால் மாற்றும் செலவும் ஏறும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வெட்டினால்தான் பயன். பூத்தபின் ஸ்லாஷரை விடுவது விதையைத் தோப்பெங்கும் தூவுவதற்குச் சமம். கோரையை ஸ்லாஷரால் அடக்கலாம், ஒழிக்க முடியாது. தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி வெட்டுவதில்தான் இந்தக் கருவி தன் முழுத் திறமையையும் காட்டுகிறது.

பராமரிப்பு: சின்னப் பாகங்களின் பெரிய பொறுப்பு

இதில் மின்னணு எதுவும் இல்லை. ஸ்பேனர், கிரீஸ் கன், ஒரு கேன் 90ஆம் எண் கியர் ஆயில் இருந்தால் தோப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்த அளவில் கருவிக்கு நல்ல மதிப்பெண் தருகிறேன். ஆனால் எந்தப் பாகத்தை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதில் நம் பழக்கம் தலைகீழாக இருக்கிறது.

கத்தியை ரம்பம்போல் தீட்டச் சொல்கிறோம். அது வேண்டாம். முனையில் ஒன்றரை மி.மீ. தடிமன் இருக்கட்டும். மெல்லிய முனை முதல் கல்லிலேயே பிய்ந்துபோகும். இரண்டு கத்தியையும் ஒரே எடைக்குத் தேய்க்க வேண்டும், மாற்றும்போது சோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்று எடை குறைந்தால் முழுக் கருவியும் அதிர்ந்து, கியர் பெட்டியின் பேரிங்கைத் தின்றுவிடும். உடைந்த கத்தியை வெல்டிங் வைப்பதும், வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்துவதும், பழைய லாரி பட்டையை அறுத்துக் கத்தியாக்குவதும் கூடவே கூடாது. சூடு பட்ட எஃகு எப்போது முறியும் என்று பட்டறைக்காரருக்கும் தெரியாது. முறிந்த துண்டு பறக்கும் வேகத்தைக் கீழே கணக்கிடுகிறேன்.

அடுத்தது பி.டி.ஓ. தண்டு. அதன் இரு கிராஸ்களுக்கும் எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் குழாய்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருக்க வேண்டும். கருவியை முழுக்கத் தூக்கும்போது அவை முட்டவும் கூடாது. ஒரு டிராக்டருக்கு அளந்த தண்டு இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். வாடகைக் கருவியில் இந்த அளவைப் பார்ப்பவர் அரிது. கியர் பெட்டிக்கு அடியில் சாக்குச் சணல், பிளாஸ்டிக் கயிறு, சொட்டுநீர்க் குழாயின் துண்டு சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுக்கும். எண்ணெய் ஒழுகியது தெரியாமலே பல்சக்கரங்கள் தேய்ந்துபோகும். வேலை முடிந்ததும் அடிப்பக்கத்தில் ஒட்டிய ஈரப்புல்லைச் சுரண்டிவிட்டு, சுற்றியதை அறுத்தெடுத்து, எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பது கட்டாயம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அதிக விலையில்லாத ஒரு போல்ட். தண்டும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் வேண்டுமென்றே மென்மையான ஷியர் போல்ட் போடப்பட்டிருக்கும். கத்தி கட்டையில் சிக்கினால் அது அறுந்து மற்ற அனைத்தையும் காப்பாற்றும். அடிக்கடி அறுகிறது என்று எரிச்சலடைந்து, அந்த இடத்தில் கடினமான ஹைடென்சில் போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அறுவது கியர் பெட்டியின் பல் அல்லது பி.டி.ஓ. தண்டு, சில சமயம் டிராக்டரின் உள்பாகமே. ஸ்லிப் கிளட்ச் உள்ள கருவியில் இதே தவறு வேறு உருவில் நடக்கிறது. மழைக்காலம் முழுக்க வெளியில் கிடந்து தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும், நழுவ வேண்டிய நேரத்தில் நழுவாது. சீசன் தொடங்கும் முன் அதன் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, நழுவவைத்துப் பார்த்து, மறுபடி குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.

ஆக, பராமரிப்பில் கருவி தேறுகிறது. வாடகை முறையில்தான் தோற்கிறது. டிராக்டர்காரர் ஏக்கர் கணக்கில் ஓடுகிறார், தோட்டக்காரர் மாலைக்குள் முடியச் சொல்கிறார். நடுவில் கிரீஸ் வைப்பது யார் வேலை என்று முடிவாவதே இல்லை.

உயிரின் கணக்கு

5 அடி விட்டத்தில், நிமிடத்துக்கு 810 சுற்று சுழலும் கத்தியின் முனை நொடிக்குச் சுமார் 64 மீட்டர், அதாவது மணிக்கு 230 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த முனையில் படும் சரளைக் கல் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு பறக்கும். கருவியின் முன்னும் பின்னும் தொங்கும் இரும்புச் சங்கிலி வரிசை அதைத் தடுப்பதற்காகத்தான். சங்கிலி அறுந்த கருவி தோப்புக்குள் நுழையவே கூடாது. சங்கிலி இருந்தாலும் நூறு மீட்டர் தூரத்துக்குள் ஆள் நடமாட்டம் வேண்டாம். நம் தோப்புகளில் இது கடினம் என்பது தெரியும். அதனால்தான் வெட்டும் நாளை முன்கூட்டியே சொல்லி, வழியை அடைத்து, மட்டை பொறுக்கும் வேலையை முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். அப்போது தேங்காய்களும் குழாய்களும் கம்பித் துண்டுகளும்கூடக் கண்ணில் படும்.

பி.டி.ஓ. தண்டு நொடிக்கு 9 முறை சுற்றுகிறது. 7 செ.மீ. தடிமனுள்ள தண்டு ஒரு நொடியில் ஏறக்குறைய 2 மீட்டர் துணியைச் சுருட்டும். லுங்கியின் நுனியோ தோளில் கிடக்கும் துண்டோ சேலை முந்தானையோ பட்டால், கத்துவதற்கும் நேரம் இருக்காது. இதற்காகத்தான் தண்டைச் சுற்றி பிளாஸ்டிக் உறை வருகிறது. கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று முதலில் கழற்றி எறியப்படுவதும் அதுதான். மட்கார்டில் இன்னொருவரை உட்காரவைத்து ஓட்டும் பழக்கம் இங்கே கொலைக்குச் சமம். ஒரு வரப்பில் சக்கரம் ஏறி இறங்கினால் அவர் விழும் இடம் ஸ்லாஷரின் வாய்.

இன்னும் இரண்டு செய்திகளை ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டும். பி.டி.ஓ.வை நிறுத்தியபின்னும் கத்தி சிறிது நேரம் சுழலும், அது ஓயும்வரை இறங்கக் கூடாது. நம் ஊரில் நிறைய ஓடும் ஒற்றைக் கிளட்ச் டிராக்டரில், கிளட்சை மிதித்தாலும் சுழலும் கத்தியின் உந்துவிசை கியர் வழியாகச் சக்கரத்துக்கு வந்து டிராக்டரை முன்னே தள்ளும். கிணற்றோரமும் வாய்க்கால் கரையும் உள்ள தோப்பில் இது உயிர் போகும் விஷயம். ஒருபக்கம் மட்டும் சுழலும் ஓவர்ரன்னிங் கிளட்சை பி.டி.ஓ.வில் பொருத்தினால் அந்தத் தள்ளல் நிற்கும். கத்தியைக் கழற்ற அடியில் கை விடுவதானால், எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, கருவிக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுக்க வேண்டும். ஹைட்ராலிக் லிஃப்டை மட்டும் நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகளை இழந்தவர்களின் துயரத்துக்குப் பிறகு 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. உறுப்புகள் போன பிறகு சட்டம் வரும் வழக்கத்தை ஸ்லாஷர் விஷயத்திலும் நாம் தொடர வேண்டியதில்லை.

பணமும் மாற்று வழிகளும்

1.5 மீட்டர் அகலத்தில், மணிக்கு 4 கி.மீ. வேகத்தில், திருப்பத்துக்கும் மேற்பொருந்தலுக்கும் கால்பங்கு கழித்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கருக்குச் சற்று அதிகமாக வெட்டலாம். 5 ஏக்கர் தோப்பை ஆண்டுக்கு நான்கு முறை வெட்டினாலும் 20 மணி நேரத்தைத் தாண்டாது. அதற்காகச் சொந்தமாகக் கருவி வாங்குவது வீண். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம்வரை மானியம் உண்டு என்பது வாங்குவதற்கான காரணம் ஆகாது. மானியத்தில் வந்து மாட்டுக்கொட்டகை ஓரம் துருப்பிடிக்கும் கருவிகள் நம்மிடம் ஏற்கெனவே போதிய அளவு உள்ளன. பத்துப் பேர் சேர்ந்து வாங்கி, அதைப் பராமரிக்க ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கினால் கணக்கு நேராகும்.

ஒரு ஏக்கருக்குக் குறைவாக இருப்பவருக்குத் தோளில் மாட்டும் பிரஷ்கட்டர் போதும். மாடும் ஆடும் வைத்திருப்பவர் புல்லைத் தீவனமாகவே பார்க்கலாம், அது எல்லாவற்றிலும் மலிவான வழி. களைக்கொல்லியை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. கிளைபோசேட் பயன்பாட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களுக்கு மட்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்தி ஆணையிட்டது. மூடாக்காகும் புல்லை நஞ்சால் எரிப்பதில் மண்ணுக்கு எந்த நன்மையும் இல்லை.

தீர்ப்பு

தென்னை, மா, கொய்யாத் தோப்புகளில் களைக்காக மட்டும் ஓட்டும் ரோட்டவேட்டரை ஸ்லாஷர் கொண்டு மாற்றுவது சரி. இரண்டு பருவ உழவை அது நீக்காது, நீக்கவும் வேண்டாம். கோரையை வேரோடு ஒழிக்கும், மட்டையைத் தூளாக்கும் என்ற விற்பனைப் பேச்சை நம்ப வேண்டாம். அமைப்பில் இது நேர்மையான, உறுதியான, பழுதுபார்க்க எளிய கருவி. ஆனால் அதன் மதிப்பு முழுவதும் தண்டின் உறை, சங்கிலி வரிசை, மென்மையான ஷியர் போல்ட் ஆகிய மூன்று மலிவான பாகங்களைச் சார்ந்திருக்கிறது. அந்த மூன்றும் இருந்தால் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒன்று குறைந்தாலும் எவ்வளவு நன்றாக வெட்டினாலும் நிராகரிப்பேன்.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை வாடகை டிராக்டர் வாசலுக்கு வரும்போது, மணிக்கு எவ்வளவு என்று கேட்கும் முன் குனிந்து அந்த மூன்று பாகங்களையும் பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். களை இன்னும் ஒரு வாரம் நின்றால் தென்னைக்கு ஒன்றும் ஆகிவிடாது.